விரல் மூட்டிலிருந்து நீர் கசிகிறதா? மூட்டு ஃபிஸ்டுலாவைப் புரிந்துகொண்டு கையாள

நகத்தின் அடிப்பக்கத்துக்கும் விரலின் கடைசி மூட்டுக்கும் நடுவே பட்டாணி அளவில் ஒரு கொப்புளம். மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு, எங்கோ இடித்துக்கொண்டதில் ஒருநாள் உடைகிறது. ரத்தமோ சீழோ வருவதில்லை. முட்டை வெள்ளைக்கரு போலத் தெளிவாக, தொட்டால் நூலாக இழுபடும் பசைதான் வருகிறது. இரண்டு நாளில் பொருக்குத் தட்டிவிடுகிறது, ஆறிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். அடுத்த வாரம் மறுபடி அதே இடம் ஈரம். இந்தச் சுற்று மூன்று நான்கு முறை நடந்துவிட்டால், அதைத் தோலில் பட்ட காயம் என்று எண்ணுவதை நிறுத்திவிட வேண்டும். மூட்டுக்குள்ளிருந்து வெளியுலகத்துக்கு ஒரு பாதை திறந்திருக்கிறது. அதுதான் மூட்டு ஃபிஸ்டுலா.

ஃபிஸ்டுலா என்ற சொல்லே பலரைக் குழப்பும். ஆசனவாயில் வரும் பௌத்திரத்துக்கும் அதே பெயர்தான். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்துப் போடுவதும் ஃபிஸ்டுலாதான். இங்கே பேசுவது அந்த இரண்டையும் அல்ல. மூட்டைச் சுற்றியிருக்கும் சவ்வுப் பைக்கும் தோலின் மேற்பரப்புக்கும் இடையே உண்டாகும் மெல்லிய புரையைப் பற்றி மட்டுமே.

பாதை எப்படி உண்டாகிறது, ஏன் மூடுவதில்லை

பெரும்பாலும் இதன் தொடக்கம் மூட்டுத் தேய்மானம். விரலின் கடைசி மூட்டில் குருத்தெலும்பு தேயும்போது எலும்பின் ஓரங்களில் முள் போலச் சிறு துருத்தல்கள் வளரும். விரலை மடக்கி நீட்டும்போதெல்லாம் அந்த முள் மூட்டுறையை உரசுகிறது. உறை ஓரிடத்தில் நைந்து, அங்கிருந்து ஒரு சின்னக் காம்பு தோலை நோக்கிப் பிதுங்குகிறது. காம்பின் முனையில் நீர்க்கட்டி உருவாகிறது. கட்டி கிட்டத்தட்ட எப்போதும் விரலின் நடுக்கோட்டில் இல்லாமல் ஒரு பக்கமாகத்தான் இருக்கும். நடுவில் விரலை நீட்டும் தசைநார் இறுக்கமாக ஓடுவதால் அதன் ஓரத்தில்தான் உறைக்கு இடம் கிடைக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம், அதிலும் பெண்களிடம், இது கூடுதல்.

கட்டி பெரிதாகப் பெரிதாக மேலே இருக்கும் தோல் கண்ணாடித்தாள் போல மெலிந்துபோகும். உள்ளே இருக்கும் நீர் நீலச் சாயலில் தெரியும். இந்தக் கட்டத்தில் ஒரு சின்ன இடி போதும், உடைந்துவிடும்.

உடைந்த பிறகு ஏன் ஆறுவதில்லை என்பதற்கு மூன்று காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. முதலாவது, மூட்டுச் சவ்வு நீரைச் சுரந்துகொண்டே இருக்கிறது. தேய்ந்த மூட்டில் சுரப்பு இன்னும் அதிகம். இரண்டாவது, விரலை மடக்கும் ஒவ்வொரு முறையும் மூட்டுக்குள் அழுத்தம் ஏறி, பம்பு அடிப்பதுபோல நீரை அந்தக் காம்பு வழியாக வெளியே தள்ளுகிறது. காம்பு ஒருவழி வால்வு போல நடந்துகொள்வதால் வெளியே போன நீர் எளிதில் திரும்புவதில்லை. மூன்றாவது, துளையைச் சுற்றியுள்ள தோல் ஏற்கனவே மெலிந்து ரத்த ஓட்டம் குறைந்தது. அதற்கு ஒட்டிக்கொள்ளும் வலு இல்லை.

எனவே இந்தப் பாதைக்கு இரண்டு வாய்கள். நம் கண்ணுக்குத் தெரிவது தோலில் இருக்கும் வாய். நோய் இருப்பது மூட்டில் இருக்கும் வாயில். மருந்து தடவுவது, பிளாஸ்திரி ஒட்டுவது, காயவைப்பது எல்லாம் வெளிவாய்க்கு மட்டும். உள்வாய் திறந்திருக்கும்வரை வெளிவாய் மூடினாலும் மறுபடி திறக்கும். இன்னும் மோசம், கிருமிகள் அதே பாதையில் எதிர்த்திசையில் நடந்து மூட்டுக்குள் போய்விடும். இந்த ஒன்றுக்காகத்தான் ஒரு துளி நீரைப் பார்த்து நாம் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

வெளியே வருவதைப் பாருங்கள்

சுத்தமான வெள்ளைத் துணியில் ஒரு துளியை ஒற்றி, வெளிச்சத்தில் பாருங்கள். கையுறை போட்ட விரலாலோ காஸ் துணியின் நுனியாலோ தொட்டுத் தூக்கினால் நூலாக நீளுகிறதா என்றும் பாருங்கள்.

தெளிவாக, நிறமில்லாமல் அல்லது வெளிர்மஞ்சளாக, ஜெல்லி போல இழுபட்டால் அது மூட்டு நீர். கூழ்போன்ற அந்தத் தன்மையைத் தருவது ஹயலுரோனிக் அமிலம். இது கசிவதால் மட்டும் கிருமி புகுந்துவிட்டது என்று பொருளல்ல.

கலங்கலாக, பச்சையாக, கெட்ட வாடையோடு, இழுபடாமல் தண்ணீராக வந்தால் கிருமித்தொற்று என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கிருமி புகுந்தால் மூட்டு நீரின் பசைத்தன்மை உடைந்துபோகும். நேற்றுவரை இழுபட்ட நீர் இன்று இழுபடவில்லை என்றால் அதைச் சாதாரணமாக விட வேண்டாம்.

சுண்ணாம்புக் குழம்பு போல, பற்பசை போல வெள்ளையாக வந்தால் அது பெரும்பாலும் கௌட். யூரிக் அமில உப்பு விரலில் கட்டிகட்டியாகச் சேர்ந்து தோலைப் பிளந்து வெளிவருவது. அதை நுண்ணோக்கியில் பார்த்தால் ஊசி ஊசியான படிகங்கள் தெரியும். இதற்கான சிகிச்சை முழுவதும் வேறு.

இந்த மூன்றிலும் சேராத சில உண்டு. முள்ளோ மரச்சிராயோ குத்தி உள்ளே முறிந்துபோன மூட்டு மாதக்கணக்கில் கசியும். முடக்குவாதம் உள்ளவர்களுக்கு மூட்டோடு தொடர்புடைய முடிச்சுகள் உடைந்து புரையோடும். மீன்தொட்டி கழுவியபோது, மீன் சுத்தம் செய்தபோது பட்ட கீறல் வாரக்கணக்கில் ஆறாமல் வீங்கினால் மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமியாக இருக்கலாம். அது சுமார் 30 டிகிரி வெப்பத்தில்தான் ஆய்வகத்தில் நன்றாக வளரும், வழக்கமான பரிசோதனையில் சிக்காது. ஆகவே மீன், கடல்நீர் தொடர்பு இருந்தால் அதை மருத்துவரிடம் நீங்களே முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். காசநோயும் விரல் எலும்பில் வந்து புரையோடக்கூடியது. ஆண்டுக்கணக்கில் ஆறாத புரையின் விளிம்பு தடித்துப் புடைத்தால், சதை எடுத்துச் சோதிக்காமல் விடக்கூடாது. நாட்பட்ட புண்ணில் அரிதாகத் தோல் புற்று உருவாவது உண்டு.

காத்திருக்கவே கூடாத நிலைமைகள்

கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனை. மறுநாள் பார்க்கலாம் என்பது வேண்டாம். மூட்டுக்குள் சீழ் பிடித்தால் குருத்தெலும்பு அழிய நாட்கள்கூட வேண்டாம், மணிக்கணக்கிலேயே சேதம் தொடங்கிவிடும். அழிந்த குருத்தெலும்பு திரும்ப வளராது.

மூட்டை வேறொருவர் மிக மெதுவாக அசைத்தாலே தாங்கமுடியாத வலி. சிவப்பு மூட்டைத் தாண்டிப் பரவுவது. விரல் சூடாக வீங்கித் துடிப்பது. கை மேல் சிவப்புக் கோடு ஏறுவது. 38 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சல் அல்லது குளிர் நடுக்கம். காய்ச்சல் இல்லாததால் கிருமி இல்லை என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள். சின்ன மூட்டில் சீழ் பிடித்தாலும் காய்ச்சல் வராமல் போவது சகஜம்.

சீழ் உள்ளங்கைப் பக்கத்துத் தசைநார் உறைக்குள் பரவினால் விரலே கெட்டுப்போகலாம். அதற்குக் கனவெல் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் வகுத்த நான்கு அடையாளங்களைக் கை மருத்துவர்கள் இன்றும் பார்க்கிறார்கள்: விரல் முழுக்கச் சீராக வீங்கியிருப்பது, லேசாக மடங்கியே நிற்பது, உள்ளங்கைப் பக்கம் உறை ஓடும் வழி நெடுக அழுத்தினால் வலிப்பது, விரலை நிமிர்த்தினால் கடுமையாக வலிப்பது. நான்கும் சேர்ந்து வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஒருவரை முகத்தில் குத்தியதில் பல் பட்டு, விரல் கணுவின் மேல் ஏற்பட்ட சிறு கீறலையும் இதே பட்டியலில் வையுங்கள். குத்தும்போது விரல் மடங்கியிருக்கும், பல் தோலையும் தசைநாரையும் துளைத்து மூட்டுக்குள் போகும். பிறகு விரலை நீட்டியதும் தசைநார் நகர்ந்து துளையை மூடிவிடுவதால் மேலே அரை சென்டிமீட்டர் கீறல்தான் தெரியும். மூட்டுக்குள் வாய்க் கிருமிகள் அடைபட்டிருக்கும். வெட்கப்பட்டு மறைப்பவர்கள் அதிகம், அதனால்தான் மூட்டு போய்விடுகிறது. பூனைக்கடியும் அப்படியே. பல் மெல்லியது, துளை சிறியது, போகும் ஆழம் அதிகம்.

நீரிழிவு இருப்பவர்கள், ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்சேட் போன்ற எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், செயற்கை விரல் மூட்டு வைத்திருப்பவர்கள் ஆகியோர் வெறும் தெளிந்த நீர் கசிந்தாலே ஓரிரு நாளுக்குள் காட்டிவிடுவது நல்லது.

முதல் நாள் செய்ய வேண்டியவை

விரலில் மோதிரம் இருந்தால் முதலில் கழற்றுங்கள். வீங்கிய பிறகு வராது. சோப்பு தடவியும் வராவிட்டால் வெட்டி எடுப்பதுதான் வழி, இழுத்துப் போராடாதீர்கள்.

குழாய்த் தண்ணீரும் மென்சோப்பும் வைத்து இரு கைகளையும் 20 விநாடியாவது கழுவுங்கள். புண்ணின் மேல் தண்ணீர் ஓடலாம், ஆனால் கையைத் தண்ணீரில் ஊறவைக்கக்கூடாது. ஊறினால் தோல் வெளுத்துப் பொதபொதவென்று ஆகி, துளை பெரிதாகும். உப்புவெந்நீரில் விரலை முக்கிவைக்கும் பழக்கத்தையும் இதற்காகத்தான் தவிர்க்கச் சொல்கிறோம். அது நகச்சுற்றுக்கு வேண்டுமானால் சரி.

துடைக்க உப்புநீர் வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் சிறந்தது. கிடைக்காவிட்டால் அரை லிட்டர் தண்ணீரை ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, அதில் 4.5 கிராம் சாதாரண உப்பு, அதாவது தட்டையான தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாக, கரைத்து மூடி ஆறவையுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். காஸ் துணியை இதில் நனைத்து, துளையிலிருந்து வெளிப்பக்கமாக ஒரே திசையில் ஒருமுறை துடைக்க வேண்டும். திரும்பத் துடைக்கப் புதுத் துண்டு. ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைத்துப் பொங்குவதைப் பார்த்தால் சுத்தமாகிறதுபோல் தோன்றும், ஆனால் ஆறவேண்டிய இளம் சதையையும் அது பொசுக்கிவிடும். ஸ்பிரிட்டும் அப்படித்தான்.

பிறகு ஒரு பேனாவால் சிவப்பின் விளிம்பில் கோடு போட்டு, தேதியும் நேரமும் எழுதிவையுங்கள். அதே வெளிச்சத்தில், அதே தூரத்தில் தினமும் ஒரு படம் எடுங்கள். மருத்துவரிடம் போகும்போது இந்தப் படங்கள் பத்து நிமிட விளக்கத்தைவிட அதிகம் பேசும். கோட்டைத் தாண்டிச் சிவப்பு போனால் மேலே சொன்ன அவசரப் பட்டியலுக்கு வந்துவிட்டீர்கள்.

டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டுக்கொண்டீர்கள் என்பதை நினைவுபடுத்துங்கள். தெரியாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கட்டும் ஸ்ப்ளின்டும்

வீட்டுப் பராமரிப்பில் பலன் தருவது மருந்தல்ல, மூட்டை அசையவிடாமல் வைப்பது. பம்பு நின்றால்தான் பாதை ஒட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. பலரும் கட்டு மட்டும் ஒழுங்காகப் போட்டுவிட்டு விரலை எப்போதும்போல மடக்கி நீட்டிக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் மூன்று வாரமாகியும் ஈரம் நிற்பதில்லை.

கட்டு போடும் முறை இது. ஈரத்தை ஒற்றி எடுத்தபின், புண்ணில் ஒட்டாத வகைக் கட்டுத் துணியோ வாசலின் தோய்த்த காஸோ துளையைவிடக் கொஞ்சம் பெரிதாக, சுமார் இரண்டு சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி வையுங்கள். அதன்மேல் ஈரம் உறிஞ்ச நான்கு மடிப்புக் காஸ். துளையைச் சுற்றியுள்ள நல்ல தோலில் வாசலின் மெல்லிசாகப் பூசினால் கசிவு படிந்து வெளுக்காது. துளைக்குள் எதையும் திணிக்க வேண்டாம். நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள், நடுவில் ஈரம் மேலே தெரிந்தால் உடனே. கட்டு ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் சலைன் ஊற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். கழற்றும்போது தோல் வெள்ளையாகச் சுருங்கியிருந்தால் கட்டு அதிக நேரம் ஈரமாக இருந்திருக்கிறது, இனி நாளுக்கு இரண்டு முறை மாற்ற வேண்டும்.

ஆன்டிபயாடிக் களிம்பு எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. குறிப்பாக நியோமைசின் கலந்த களிம்பு சிலருக்கு ஒவ்வாமையாகி அரிப்பும் சிவப்பும் கொண்டுவரும். அப்போது கிருமித்தொற்றா, களிம்பால் வந்ததா என்று பிரித்தறிவதே சிரமமாகிவிடும்.

ஸ்ப்ளின்ட், அதாவது மூட்டை அசையாமல் தாங்கும் பட்டை, உள்ளங்கைப் பக்கத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் புண் மேற்பக்கம். மருந்துக்கடையில் விரல்நுனிக்கென்று கிடைக்கும் பிளாஸ்டிக் உறையோ, பஞ்சு ஒட்டிய அலுமினியப் பட்டையோ போதும். நீளம் விரல்நுனியிலிருந்து நடுமூட்டின் ரேகைக்கு அரை சென்டிமீட்டர் முன்புவரை. நடுமூட்டையும் சேர்த்துக் கட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. இரண்டு வாரம் கட்டிய நடுமூட்டு விறைத்துக்கொண்டால் அதைத் திரும்ப மடங்கவைக்க மாதங்கள் ஆகும்.

கடைசி மூட்டு நேராக நிற்க வேண்டும், பின்னுக்கு வளையக்கூடாது. சோதிக்க எளிய வழி உண்டு. ஸ்ப்ளின்ட் போட்டபின் மூட்டின் மேல்தோலைப் பாருங்கள். வெளுத்துப்போனால் அளவுக்கு மீறிப் பின்னுக்கு வளைத்திருக்கிறீர்கள், ரத்தம் போகவில்லை. ஏற்கனவே மெலிந்த தோல் அது, இப்படி ஒருநாள் விட்டால் அழுகிவிடும்.

பட்டை ஒட்ட இரண்டு துண்டு டேப் போதும். ஒன்று விரலின் நடு எலும்பின் மேல், இன்னொன்று நகத்தின் நுனிப்பாகத்தில். புண்ணின் மேலும் நகத்தின் அடிப்பக்கத்திலும் டேப் போகக்கூடாது. டேப்பை விரலைச் சுற்றி இறுக்கி முழு வளையமாக்காமல், முனைகளுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி விடுங்கள், வீங்கினால் இடம் வேண்டும். நகத்தை அழுத்திவிட்டால் இரண்டு விநாடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். விரல்நுனி மரத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, துடித்தாலோ உடனே கழற்றிவிடுங்கள்.

கட்டு மாற்ற ஸ்ப்ளின்டைக் கழற்றும்போது விரலை மேசையில் தட்டையாக ஊன்றிக்கொள்ளுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் ஒருமுறை மடக்கினாலும் நேற்று ஒட்டியது திறந்துவிடும். மற்ற மூட்டுகளை மட்டும் நாளுக்கு நான்கைந்து முறை, ஒவ்வொரு முறையும் பத்துத் தடவை மடக்கி நீட்டுங்கள். கையைத் தொங்கவிடாமல் இதய மட்டத்துக்கு மேலே வைத்தால் வீக்கமும் வலியும் குறையும்.

பத்து முதல் பதினான்கு நாள் இரவும் பகலும் இப்படி வைத்திருங்கள். கசிவு முழுதாக நின்று ஒரு வாரம் உலர்ந்திருந்தால் பகலில் கொஞ்சம் கொஞ்சமாக விரலை அசைக்கத் தொடங்கலாம். இரண்டு வாரத்துக்கு மேலும் ஈரம் இருந்தாலோ, நின்று மறுபடி திறந்தாலோ கை அறுவை மருத்துவரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

வலிக்குப் பாரசிட்டமால் போதும். பெரியவர்களுக்கு 500 முதல் 1000 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு 4 கிராமைத் தாண்டாமல். கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு குறைவு, மருத்துவரைக் கேட்க வேண்டும். மாத்திரை போடும் முன் காய்ச்சலைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், போட்ட பிறகு காய்ச்சல் மறைந்துவிடும்.

ஊசியால் குத்தாதீர்கள், பிதுக்காதீர்கள்

நீர் தெளிவாக இருப்பதால் குத்திவிட்டால் காலியாகிவிடும் என்று தோன்றும். காலியாகும், திரும்ப நிரம்பவும் செய்யும். உள்வாய் அப்படியே இருக்கிறதே. தோலில் குத்திய ஊசி தோலிலிருக்கும் ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமியை நேராக மூட்டுக்கு இட்டுச்செல்லும். மருத்துவர்களில் சிலர் சுத்தமான முறையில் ஊசியால் நீர் எடுத்துப் பார்ப்பதுண்டு. உடையாத கட்டிக்கு அது சிலருக்குப் பலிக்கும், பலருக்குத் திரும்ப வரும். உடைந்து திறந்த ஃபிஸ்டுலாவில் அதற்கு இடமே இல்லை.

பிதுக்கினால் நீர் வெளியே மட்டுமல்ல, சுற்றியுள்ள சதைக்குள்ளும் போகும். கட்டியைக் கருக்க அமிலம் வைப்பது, சுருங்கவைக்கும் மருந்து ஏற்றுவது எல்லாம் காம்பு வழியாக மூட்டுக்குள் இறங்கி, எஞ்சியிருக்கும் குருத்தெலும்பையும் எரிக்கக்கூடும். பசை போட்டுத் துளையை ஒட்டுவதும் கூடாது. வழி அடைபட்டால் உள்ளே போன கிருமிக்கு வெளியேற இடமிருக்காது. திறந்த புண்ணோ தொற்றோ இருக்கும்போது மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போடச் சம்மதிக்காதீர்கள்.

மீதமிருக்கும் பழைய ஆன்டிபயாடிக் மாத்திரையை எடுத்துப் போடுவதும் கெடுதல்தான். அரைகுறையாகப் போட்டால் வெளிச் சிவப்பு குறையும், மூட்டுக்குள் கிருமி மிஞ்சும். பிறகு கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் எதுவும் வளராமல், எந்த மருந்து கேட்கும் என்பதே தெரியாமல் போகும்.

மருத்துவரிடம் என்ன நடக்கும்

முதலில் எக்ஸ்ரே. நேராகவும் பக்கவாட்டிலும் எடுக்க வேண்டும். எலும்பு முள் மேற்பக்கம் இருப்பது பக்கவாட்டுப் படத்தில்தான் தெளிவாகத் தெரியும். எலும்பில் கிருமி பரவியிருந்தாலும் முதல் 10 முதல் 14 நாள்வரை எக்ஸ்ரேயில் தெரியாமல் இருக்கலாம். முதல் படம் நன்றாக இருக்கிறது என்பதை வைத்து எலும்பு தப்பித்தது என்று சொல்லிவிட முடியாது. சந்தேகம் இருந்தால் எம்ஆர்ஐ. முள்ளோ மரச்சிராயோ இருக்குமா என்ற கேள்விக்கு அல்ட்ராசவுண்ட், ஏனென்றால் மரம் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது.

தொற்று சந்தேகம் இருந்தால் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் மாதிரி எடுக்க வேண்டும் என்பதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். துளையின் மேலே பஞ்சால் தடவி எடுத்தால் தோல் கிருமிதான் வளரும், அதை நம்பி மருந்து மாற்றுவது வீண். மூட்டு நீரோ ஆழத்துச் சதையோ வேண்டும். நீரை உயிரணு எண்ணிக்கை, கல்ச்சர், படிகம் மூன்றுக்கும் அனுப்புவார்கள். வெள்ளணுக்கள் ஒரு கன மில்லிமீட்டருக்கு 50,000-ஐத் தாண்டினால் சீழ்பிடித்த மூட்டு என்ற சந்தேகம் வலுக்கும், அதற்குக் கீழே இருந்தாலும் இல்லை என்று ஆகிவிடாது. விரல்நுனி மூட்டில் கிடைப்பது ஓரிரு துளிதான். எல்லாவற்றுக்கும் போதாவிட்டால் கல்ச்சருக்கு முதலிடம்.

சீழ் உறுதியானால் மூட்டைத் திறந்து கழுவுவார்கள், ஆன்டிபயாடிக் வாரக்கணக்கில் போகும். அந்த நேரத்திலேயே தோலை மடிப்புப் போட்டு மூடிவிட அவசரப்படக்கூடாது. கிருமி அடங்கியபின் இரண்டாவது கட்டமாகச் செய்வதே வழக்கம்.

அறுவை சிகிச்சையில் பாதையை எங்கே மூடுகிறார்கள்

தொற்று இல்லாத ஃபிஸ்டுலாவுக்கு விரலை மட்டும் மரக்கவைத்துச் செய்யலாம். விரலின் அடியில் ரத்த ஓட்டத்தை நிறுத்த ஒரு பட்டை கட்டுவார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி கட்டாயம் வேண்டும். தசைநார் எலும்பில் பதியும் இடத்துக்கும் நகம் முளைக்கும் திசுவுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் இடைவெளி. அந்தப் பக்கம் கை தவறினால் நகம் கோணலாக வளரும், இந்தப் பக்கம் தவறினால் விரல்நுனி நிமிராமல் தொங்கும்.

வெளிவாயைச் சுற்றியுள்ள மெலிந்த தோலை வெட்டி எடுத்து, காம்பை மூட்டுவரை பின்தொடர்ந்து போய், உள்வாய் இருக்கும் உறைத்துண்டோடு சேர்த்து எடுக்கிறார்கள். பிறகு எலும்பு முள்ளைச் செதுக்கி வழவழப்பாக்குகிறார்கள். இந்தக் கடைசி வேலைதான் திரும்ப வராமல் காக்கிறது. 1973-இல் ஈட்டன், டோப்ரான்ஸ்கி, லிட்லர் என்ற மூன்று மருத்துவர்கள் எலும்பு முள்ளை எடுப்பதன் முக்கியத்துவத்தை எழுதியபின் இது பரவலான முறையாயிற்று. கட்டியை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டுத் தைத்தால் திரும்ப வரும் வாய்ப்பு கூடுதல். ஆகவே ஒப்புதல் கையெழுத்துப் போடுமுன் "எலும்பு முள்ளையும் எடுப்பீர்களா?" என்று கேளுங்கள்.

தோல் போதாத இடத்தில் பக்கத்துத் தோலைச் சுழற்றிக் கொண்டுவந்து மூடுவார்கள். அப்படிக் கொண்டுவரும் தோல் நல்ல ரத்த ஓட்டமுள்ளது, தடிமனானது, ஒட்டிக்கொள்ளும். இழுத்துப் பிடித்துத் தைத்தால் மட்டும் ஓரம் கறுத்து அழுகும்.

மூட்டு முழுக்கத் தேய்ந்து வலியும் கோணலும் இருந்தால், அல்லது சீழால் குருத்தெலும்பு போய்விட்டால், மூட்டையே எலும்போடு எலும்பாக ஒட்டவைப்பது ஒரு வழி. நேராகவோ சில டிகிரி மடங்கிய நிலையிலோ திருகாணி அல்லது கம்பியால் பொருத்துவார்கள். அதன்பின் அந்த மூட்டு அசையாது, ஆனால் வலிக்காது, கசியவும் வழியில்லை. கடைசி மூட்டு மட்டும் என்பதால் கையின் பெரும்பாலான வேலைகள் தடைபடுவதில்லை. நுண்கருவி, இசைக்கருவி கையாள்பவர்கள் இதை முன்கூட்டியே மருத்துவரோடு பேசிவிட வேண்டும்.

அறுவைக்குப் பிறகு

முதல் மூன்று நாள் கையை உயர்த்தியே வையுங்கள். கட்டு நனையக்கூடாது. தையல் வழக்கமாக 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். ஸ்ப்ளின்ட் ஒன்று அல்லது இரண்டு வாரம், பிறகு மருத்துவர் சொன்ன நாளிலிருந்து கடைசி மூட்டை மட்டும் தனியாக மடக்கப் பழக வேண்டும். மற்றக் கையால் நடு எலும்பைப் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் வலிக்காத அளவுக்கு மடக்கி, ஐந்து எண்ணிவிட்டு நீட்டுங்கள். பத்துத் தடவை, நாளுக்கு நான்கு முறை. நிமிர்த்தும்போது நுனி முன்பைவிடத் தொங்கினால் பயிற்சியை நிறுத்தி, ஸ்ப்ளின்டுக்குத் திரும்பி, மருத்துவரிடம் காட்டுங்கள். தசைநார் தளர்ந்திருக்கலாம்.

நகத்தில் விழுந்திருந்த பள்ளம் உடனே போகாது. கட்டி நகவேரை அழுத்தியபோது முளைத்த நகம் அது, வளர்ந்து வெளியேற வேண்டும். கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும் என்பதால் நகம் முழுக்க மாற ஆறு மாதம் போகும். அடிப்பக்கத்தில் வழவழப்பான புது நகம் தெரியத் தொடங்கினால் வேர் தப்பித்துவிட்டது. ஆறு மாதத்துக்குப் பிறகும் அடியிலிருந்தே பள்ளம் வந்தால் கட்டி மறுபடி வளர்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு விரலில் வந்தவர்களுக்கு மற்ற விரல்களின் மூட்டுகளும் அதே வயதுடையவைதான். உடையாத கட்டி வேறு விரலில் தெரிந்தால் அதன் மேல்தோலை மாதம் ஒருமுறை பாருங்கள். தோல் தடிப்பாக, வலி இல்லாமல், நகத்தைத் தொடாமல் இருந்தால் எதுவும் செய்யாமல் விட்டுவிடலாம், சில தானாகவே சுருங்கும். தோல் பளபளத்து, உள்ளே நீர் நிழலாடத் தொடங்கினால் இடிபடும் வேலைகளில் அதன்மேல் ஒரு மெத்தைப் பிளாஸ்திரி போட்டுக்கொண்டு, உடையும் முன்பே கை அறுவை மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். உடையாத கட்டியை எடுக்கும்போது மூடுவதற்கு நல்ல தோல் மிச்சமிருக்கும், மூட்டுக்குள் கிருமி போயிருக்குமோ என்ற கேள்வியும் எழாது.